கார்டு போட்டிக்கு நுழைவுக் கட்டணம் ஏன் இப்படி ஏறுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் எடிசன் பக்கம் இருக்கிறேன். என் மகன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளியிலிருந்து நாலு போக்கிமான் கார்டு கொண்டுவந்தான், அதில் தொடங்கியது. இப்போது சனிக்கிழமைதோறும் பக்கத்துக் கடையில் குழந்தைகள் லீக்கை நடத்த உதவுகிறேன். தமிழ்ப் பள்ளி வாசலில், பிறந்தநாள் விழாவில், வாட்ஸ்அப்பில் என்று எங்கே பார்த்தாலும் இந்தக் கட்டணம் பற்றித்தான் கேட்கிறார்கள், அதுவும் ஒரே கேள்விகளை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். முதலில் எளிய கேள்விகள், போகப்போகச் சிக்கலானவை.

டிரேடிங் கார்டு டோர்னமென்ட்னா என்னங்க? நம்ம ஊர் சீட்டாட்டம் மாதிரியா?

சீட்டுக்கட்டில் எல்லோருக்கும் ஒரே 52 சீட்டு. இதில் ஆளாளுக்குத் தன் கட்டைத் தானே சேர்த்துக்கொண்டு வர வேண்டும். அந்தக் கட்டுக்குப் பெயர் டெக். போக்கிமானில் சரியாக 60 கார்டு, மேஜிக்கில் குறைந்தது 60. இந்த வகை விளையாட்டைத் தொடங்கி வைத்தது 1993-இல் வந்த மேஜிக்: த கேதரிங். போக்கிமான் கார்டு 1996-இல் ஜப்பானில் வந்தது, யூ-கி-ஓ அதற்குப் பின்.

போட்டி பெரும்பாலும் ஸ்விஸ் முறையில் நடக்கும், செஸ் போட்டி பார்த்தவர்களுக்குத் தெரிந்ததுதான். தோற்றால் வெளியே போக வேண்டாம், அடுத்த ரவுண்டில் உங்கள் அளவுக்கு வென்ற இன்னொருவரோடு உட்கார வைப்பார்கள். ஆள் இரட்டிப்பானால் ஒரு ரவுண்டு கூடும்: 16 பேருக்கு 4, 32 பேருக்கு 5. ஆயிரம் பேர் வந்தால் ஒரு நாள் போதாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கட்டணக் கணக்கில் திரும்ப வரும்.

என்ட்ரி ஃபீஸ் எவ்வளவு இருக்கும்? ஒருத்தர் 5ங்கிறார், ஒருத்தர் 70ங்கிறார்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், வேறு வேறு போட்டியைச் சொல்கிறார்கள். கடையில் வாராவாரம் நடக்கும் சாதாரணப் போட்டி இலவசமாகவோ பத்து டாலருக்குள்ளோ இருக்கும். அதே கடையில் மாதம் ஒரு முறை நடக்கும் தகுதிப் போட்டி, போக்கிமானில் லீக் கப் மாதிரி, அதைவிடக் கூடுதல். கன்வென்ஷன் சென்டரில் இரண்டு மூன்று நாள் நடக்கும் ரீஜனல், அதாவது வட்டார அளவுப் போட்டி, போன்றவற்றில் பெரியவர்கள் பிரிவுக்கு ஐம்பது அறுபது டாலரைத் தாண்டிவிட்டது. டிராஃப்ட் என்று ஒன்று உண்டு, அங்கேயே பாக்கெட் பிரித்து அதில் வரும் கார்டை வைத்து ஆடுவது. அதன் கணக்கு தனி, கீழே சொல்கிறேன்.

ஒரு நாள் உக்காந்து கார்டு விளையாட 60 டாலரா? அந்தக் காசெல்லாம் எங்கே போகுது?

பெரிய போட்டி நடக்கும் இடத்துக்கு ஒருமுறை காலை ஏழு மணிக்கே போய்ப் பாருங்கள். நான் உதவப் போன ஒரு நாளில் பார்த்தது: சிமென்ட் தரையில் எட்டடி மேசைகள் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் கறுப்புத் துணி, துணியின் மேல் டேப் போட்டு ஒட்டிய மேசை எண், மேசைக்கு நாலு நாற்காலி. அந்த மேசை, துணி, நாற்காலி எதுவும் போட்டி நடத்துபவருடையது கிடையாது. மண்டபத்துக்காரர் சொல்லும் ஒப்பந்தக்காரரிடம்தான் வாடகைக்கு எடுக்க வேண்டும், வெளியிலிருந்து கொண்டுவரக் கூடாது. மின்சார இணைப்பு தனி, இணையம் தனி, குப்பை அள்ளுவது தனி. நம் ஊர் கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டருக்குத் தனி, பாத்திரத்துக்குத் தனி என்று பில் போடுவார்களே, அதேதான், தொகைதான் பெரியது.

அதற்கு மேல் நடுவர்கள், அதாவது ஜட்ஜுகள். முப்பது நாற்பது பேருக்கு ஒருவராவது வேண்டும். ஒரு ரவுண்டு 50 நிமிடம், முடிந்து அடுத்த ஜோடிகளை அறிவித்து எல்லோரும் உட்கார இன்னொரு 15, 20 நிமிடம். ஒன்பது ரவுண்டு என்றால் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி இரவு ஏழு எட்டு மணி ஆகிவிடும். அவ்வளவு நேரமும் ஜட்ஜுகள் நின்றுகொண்டே இருப்பார்கள். இதெல்லாம் போகத்தான் பரிசு. ஆக 60 டாலரை யாரோ ஒருவர் பையில் போட்டுக்கொண்டு போகிறார் என்று நினைக்க வேண்டாம். ஆனால் எவ்வளவு எதற்குப் போகிறது என்று நடத்துபவர்கள் சொல்வதே கிடையாது, எனக்கு இருக்கும் உண்மையான வருத்தம் அதுதான்.

எல்லா விலையும் ஏறிடுச்சு, அதனாலதானே இதுவும்?

கொஞ்சம் அதனால்தான். அமெரிக்காவில் 2014-க்கும் 2024-க்கும் நடுவில் பொது விலைவாசி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏறியிருக்கிறது. அன்றைக்கு 40 டாலர் கட்டிய போட்டி இன்றைக்கு 53, 54 டாலர் என்றால் உண்மையில் ஏறவே இல்லை என்று அர்த்தம். 40 என்பது 75 ஆகியிருந்தால் மிச்சம் இருபது டாலர் விலைவாசியால் வந்ததாகச் சொல்ல முடியாது, அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். யாராவது ‘எல்லாம் ஏறிடுச்சு’ என்று ஒரே வார்த்தையில் முடித்தால் பழைய கட்டணத்தை மூன்றில் ஒரு பங்கு கூட்டிப் பாருங்கள், எவ்வளவு மீதி நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

அண்ணா, மேஜிக் டிராஃப்ட் முன்னாடி 15 டாலர் இருந்துச்சு, இப்ப 25 வரைக்கும் கேக்குறாங்க. கடைக்காரர் ஏமாத்துறாரா?

இல்லை தம்பி. டிராஃப்ட்டுக்கு ஆளுக்கு மூன்று பாக்கெட் வேண்டும். மேஜிக் பாக்கெட்டை இந்த விலைக்கு விற்கலாம் என்று கம்பெனி சொல்லும் பரிந்துரை விலை பல வருடம் 3.99 டாலராக இருந்தது, மூன்றுக்கு 12. 2019-இல் பரிந்துரை விலை என்பதையே எடுத்துவிட்டார்கள். 2022-இல் கடைகளுக்குத் தரும் விலையை ஏற்றினார்கள். 2024 பிப்ரவரியில் பழைய டிராஃப்ட் பாக்கெட்டையே நிறுத்தி, பிளே பூஸ்டர் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பரிந்துரை விலை திரும்ப வந்தபோது அது 5.49, மூன்றுக்கு 16.47. 2025 ஜூனில் ஃபைனல் ஃபேண்டஸி என்ற வீடியோ கேமை வைத்து வந்த பாக்கெட் 6.99. மூன்று பாக்கெட் 20.97, பரிசுக்கு ஒரு பைசாகூட ஒதுக்காமலே.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் அன்றைய 15 டாலரில் பாக்கெட் போக 3 டாலர் மிஞ்சியது, இந்த 6.99 பாக்கெட்டை வைத்து நடத்தினால் இன்றைய 25-இல் 4 டாலர் மிஞ்சுகிறது. ஏற்றம் ஏறக்குறைய முழுவதும் கார்டு கம்பெனியின் பாக்கெட் விலையில் இருக்கிறது. பெரிய சீல்டு போட்டிகளும், அதாவது அங்கேயே தரும் பாக்கெட்டைப் பிரித்து டெக் கட்டி ஆடுபவையும், அப்படித்தான், 2015-இல் லாஸ் வேகாஸில் 7,551 பேர் கலந்துகொண்ட கிராண்ட் பிரீ என்ற பெரிய மேஜிக் போட்டி நடந்தது, ஆளுக்கு ஆறு சிறப்புப் பாக்கெட், ஒரு பாக்கெட் விலை 9.99. கட்டணத்தில் அறுபது டாலர் அளவுக்குக் கையில் கார்டாகவே வந்துவிட்டது. பொருள் தரும் போட்டியையும் சொந்த டெக்கோடு போகும் போட்டியையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

அது சரி, டெக் நாங்களே கொண்டு போறோம், பாக்கெட்டும் கிடையாது. கடையில 5 டாலர் இருந்தது ஏன் 10 ஆச்சு?

இதில் ஏறியது இடமும் ஆளும். போட்டி நடக்கும் நாலு மணி நேரம் அந்த மேசைகள் இருக்கும் இடத்தில் கடைக்காரர் வேறு எதையும் விற்க முடியாது. ஒருவர் கம்ப்யூட்டரில் ஜோடி போட்டுக்கொண்டும் சண்டையைத் தீர்த்துக்கொண்டும் இருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் பொதுக் குறைந்தபட்சக் கூலி 2016-இல் மணிக்கு 8.38 டாலர், 2025-இல் 15.49. மிகச் சிறிய கடைகளுக்கு இதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனாலும் ஏறிய வேகம் தெரிகிறதல்லவா.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. முன்பு ஐந்து டாலர் நோட்டைக் கல்லாவில் போட்டோம். இப்போது ஆன்லைனில் முன்பதிவு. அந்தப் பணப் பரிமாற்றத்துக்கு வழக்கமாக 2.9 சதவீதமும் 30 காசும் பிடிப்பார்கள். 60 டாலரில் அது இரண்டு டாலர், பெரிதாகத் தெரியாது. 5 டாலரில் 44 காசுக்கு மேல் போய்விடும், ஏறத்தாழ ஒன்பது சதவீதம். சின்னக் கட்டணம் வாங்கும் கடைக்குத்தான் இது அதிகம் கடிக்கிறது. முடிந்தால் கடைக்கு நேரில் போய் ரொக்கமாகக் கட்டுங்கள்.

போக்கிமான் போட்டியெல்லாம் முன்னாடி இலவசமா இருந்ததாமே, உண்மையா?

உண்மை. 2010 வாக்கில் அமெரிக்காவில் நகர அளவு, மாநில அளவு, ரீஜனல், தேசிய அளவு எல்லாவற்றுக்கும் கட்டணம் கிடையாது. கம்பெனி அதை விளம்பரச் செலவாகப் பார்த்தது, பிள்ளைகள் விளையாடினால் கார்டு விற்கும் என்ற கணக்கு. பரிசும் பாக்கெட், பயணச் செலவு, கல்வி உதவித்தொகை என்று இருந்தது. பிறகு கூட்டம் கூடியது, நடத்தும் பொறுப்பு தனியார் அமைப்பாளர்கள் கைக்குப் போனது, கட்டணம் வந்தது. 2016-17 பருவத்திலிருந்து ரீஜனலில் ரொக்கப் பரிசும் வந்தது.

பழைய நிலைமை முழுக்கப் பொற்காலம் என்றும் சொல்ல மாட்டேன், இடம் போதாமல் பள்ளி ஜிம்மிலும் ஹோட்டல் அறையிலும் நெரித்துக்கொண்டு ஆடியதாக அந்தக் காலத்து ஆட்கள் சொல்வார்கள். ஆனால் மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இலவசம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று பெற்றோருக்குச் சொல்லத் தேவையில்லை.

கம்பெனிக்குக் கோடி கோடியா வருதே, அவங்களே செலவு பண்ணி நடத்தினா என்ன?

நானும் இதைத்தான் கேட்கிறேன். மேஜிக்கை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட், 1999 முதல் ஹாஸ்ப்ரோ என்ற பொம்மைக் கம்பெனியின் கையில் இருக்கிறது. 2022-இல் மேஜிக்கின் ஆண்டு வருமானம் மட்டும் நூறு கோடி டாலரைத் தாண்டியது. ஹாஸ்ப்ரோவின் பிராண்டுகளில் அந்த அளவைத் தொட்ட முதல் பிராண்டு அது. அதே வருடம்தான் கடைகளுக்கான விலையும் ஏறியது என்று மேலே சொன்னேன்.

கம்பெனி பக்கம் நின்று பார்த்தால், மேஜிக் வாங்குபவர்களில் பெரும்பாலானோர் வீட்டில் சமையலறை மேசையில் ஆடுபவர்கள். போட்டிக்குப் போகாதவர்களின் காசில் போட்டி ஆடுபவர்களுக்கு ஏன் செலவு செய்ய வேண்டும் என்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு கார்டுக்கு 40 டாலர் மதிப்பு வருவதே யாரோ ஒருவர் போட்டியில் அதை வைத்து ஜெயிப்பதால்தான், அந்த மதிப்பை நம்பித்தான் மற்றவர்கள் பாக்கெட் வாங்குகிறார்கள். போட்டிதான் இந்த வியாபாரத்துக்கு அஸ்திவாரம், அதன் செலவில் கம்பெனிக்குப் பெரிய பங்கு இருக்க வேண்டும்.

ஜட்ஜெல்லாம் ஆசைக்கு வந்து நிக்கிறவங்கதானே, அவங்களுக்கு எதுக்குச் சம்பளம்?

ரொம்ப நாள் அப்படித்தான் ஓடியது. மேஜிக் ஜட்ஜுகளுக்குப் பணத்துக்குப் பதில் பாக்கெட் பெட்டியும், கடையில் கிடைக்காத பளபளப்புக் கார்டுகளும் தருவார்கள். அதை விற்றுத்தான் விமான டிக்கெட்டைச் சரிக்கட்ட வேண்டும். 2016-இல் கலிபோர்னியாவில் சில ஜட்ஜுகள், நாங்கள் தன்னார்வலர்கள் இல்லை, ஊழியர்கள், எங்களுக்குக் கூலி வேண்டும் என்று வழக்கே போட்டார்கள். 2019-இல் பழைய ஜட்ஜ் திட்டம் முடிந்து, ஜட்ஜ் அகாடமி என்ற தனி அமைப்பு வந்தது, அதில் சேர ஜட்ஜுகளே ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. சில வருடத்தில் அதுவும் மூடப்பட்டது.

பன்னிரண்டு மணி நேரம் நின்று, விதிப் புத்தகத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, அழுகிற பத்து வயதுப் பையனையும் கத்துகிற நாற்பது வயது ஆளையும் ஒரே பொறுமையோடு கவனிக்கிற மனிதர்கள் அவர்கள். கட்டணம் ஏறியதில் எனக்குச் சங்கடமே இல்லாத பகுதி இது. அவர்களுக்குப் போகும் காசைக் குறைத்துக் கட்டணத்தைக் குறைக்க வேண்டாம்.

அங்கிள், நான் முதல் ரெண்டு மேட்ச் தோத்துட்டேன், கிளம்பிடலாமா? காசு திரும்பக் கிடைக்குமா?

கிளம்பலாம் கண்ணா, ஆனால் சொல்லிவிட்டுப் போ. சொல்லாமல் போனால் அடுத்த ரவுண்டில் உன்னோடு ஜோடி போட்ட பிள்ளை எதிரில் ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கும். காசு திரும்ப வராது. அதனாலேயே நான் சொல்வேன், கிளம்பாதே. ஸ்விஸ் முறையில் இரண்டு தோற்றவனுக்கு அடுத்து வருபவனும் இரண்டு தோற்றவன்தான், உனக்குச் சமமான ஆட்டம் இனிமேல்தான் கிடைக்கும். கட்டிய காசுக்கு முழு ஆட்டமும் ஆடிவிட்டுப் போ.

பெற்றோருக்கு: வர முடியாமல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. பெரிய போட்டிகளில் ஒரு தேதி வரை திரும்பத் தருவார்கள், அதற்குப் பிறகு கிடையாது. பதிவு செய்யும்போதே அந்தத் தேதியைப் பார்த்து காலண்டரில் போட்டு வையுங்கள்.

நாங்க சும்மா பையனைக் கூட்டிட்டு வர்றோம், விளையாடப் போறதில்லை. எங்களுக்கும் டிக்கெட்டா?

பல இடங்களில் ஆமாம். பழைய கிராண்ட் பிரீகளில் யார் வேண்டுமானாலும் உள்ளே நுழைந்து வேடிக்கை பார்க்கலாம். இப்போதைய மேஜிக்கான் போன்ற விழாக்களில் உள்ளே போகவே பேட்ஜ் வாங்க வேண்டும், அதற்கு மேல் ஒவ்வொரு போட்டிக்கும் தனிக் கட்டணம். போக்கிமான் பெரிய போட்டிகளிலும் பார்வையாளர் பாஸ் வந்துவிட்டது. எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். போட்டிக் கட்டணம் 60 என்று விளம்பரத்தில் போட்டுவிட்டு, வாசலில் நிற்கும்போது குடும்பத்துக்கு இன்னொரு செலவு முளைத்தால் அந்த 60-க்கு என்ன அர்த்தம்? பதிவு செய்யும் முன் பேட்ஜ், பாஸ், பார்க்கிங் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

நல்லா விளையாடினா பரிசுல கட்டின காசு வந்துடும்ல?

பெரும்பாலானோருக்கு வராது. எங்கள் கடையில் 32 பேர் வரும் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு 20 டாலர், மொத்தம் 640. முக்கால் பங்கு பரிசாகத் திரும்புகிறது, 480. முதல் பரிசு 150, இரண்டாவது 90, மூன்று நான்குக்கு 60, ஐந்திலிருந்து எட்டு வரை 30. மிச்சம் 24 பேருக்கு ஒன்றும் இல்லை. ஐந்தாவது ஆளுக்கே பத்து டாலர்தான் லாபம், அதுவும் நாள் முழுக்க உட்கார்ந்து.

பெரிய போட்டி இன்னும் மோசம். 2014 நவம்பரில் இதே எடிசனில் நடந்த மேஜிக் கிராண்ட் பிரீக்கு 4,003 பேர் வந்தார்கள். அந்த மாதிரிக் கூட்டத்தில் நூறாவது இடம் என்பது அபாரமான ஆட்டம், அதற்குக் கிடைக்கும் தொகை விமானச் செலவுக்கே காணாது. கட்டணத்தைச் சினிமா டிக்கெட் மாதிரி செலவாக எழுதிவிடுங்கள். வருமானமாக நினைத்துக்கொண்டு போகும் பையன்களின் முகம் நான்காவது ரவுண்டில் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறேன், விளையாட்டே கசந்துபோகும்.

கடையில பரிசு ரொக்கமா தராம கிரெடிட்டா தர்றாங்க. அது ஏமாத்து வேலையா?

ஏமாற்று இல்லை, ஆனால் ரொக்கமும் கிரெடிட்டும் ஒன்றல்ல. மேலே சொன்ன 480 டாலரைக் கடைக்காரர் கிரெடிட்டாகத் தந்தால் நீங்கள் அதில் பொருள் வாங்குவீர்கள், அந்தப் பொருளை அவர் மொத்த விலைக்கு வாங்கியிருப்பார். அவருக்கு உண்மையில் ஆகும் செலவு 480-ஐ விடக் குறைவு. சிறு கடைகள் பிழைப்பதற்கு இது உதவுகிறது, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கட்டணத்தை ரொக்கப் போட்டி அளவுக்கு ஏற்றிவிட்டுப் பரிசை மட்டும் கிரெடிட்டில் தந்தால் கேளுங்கள். யூ-கி-ஓ-வை வெளியிடும் கொனாமி நடத்தும் பெரிய போட்டிகளில் வழக்கமாக ரொக்கப் பரிசு கிடையாது, அரிய பரிசுக் கார்டு போன்ற பொருள்கள்தான். அதைத் தெரிந்துகொண்டுதான் எல்லோரும் போகிறார்கள்.

காசு கட்டி, சீட்டு ஆடி, பரிசு வாங்குறது. இது சூதாட்டம் இல்லையா? ஊர்ல அம்மா கேக்குறாங்க.

அம்மாவின் கேள்வி நியாயமானது, நம் ஊர் நீதிமன்றமே இதைப் பார்த்திருக்கிறது. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் ரம்மி ஆடியவர்கள் மீதான வழக்கில் 1967-இல் உச்ச நீதிமன்றம், மூன்று சீட்டு மாதிரி முழுக்க அதிர்ஷ்டம் கிடையாது ரம்மி, எந்தச் சீட்டை வைப்பது எதை விடுவது என்ற திறமை அதில் முக்கியம் என்று சொன்னது. கிளப் தன் வசதிகளுக்காகச் சின்னக் கட்டணம் வாங்கியதையும் குற்றமாகப் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் 2022-இல் வந்த சட்டம் ஆன்லைனில் பணம் வைத்து ஆடுவதைப் பற்றியது, அது வேறு.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். பொதுவாகக் கட்டணம், அதிர்ஷ்டம், பரிசு மூன்றும் சேர்ந்தால்தான் சிக்கல், திறமைப் போட்டிக்கு இடம் தருகிறார்கள். ஜப்பானில் ரொம்பக் கறார். ஆடுபவர்கள் கட்டிய காசையே பரிசாகப் பிரித்தால் சூதாட்டச் சட்டம் பாயும், அதனால் பரிசு வேறு இடத்திலிருந்து வர வேண்டும். என்னைக் கேட்டால் போட்டியைவிடப் பாக்கெட் பிரிப்பதில்தான் சூதாட்டச் சாயல் அதிகம். பிள்ளை எதில் காசு விடுகிறான் என்று கவனித்தால் அதைக் கவனியுங்கள்.

ஃபைனல் வரைக்கும் வந்துட்டோம், கட்டணமும் அதிகம். ரெண்டு பேரும் பரிசைப் பாதி பாதியா பிரிச்சுக்கலாமா அண்ணா?

வாயைத் திறக்கும் முன் ஜட்ஜைக் கூப்பிடு. மேஜிக்கில் பரிசைப் பகிர்வது சில இடங்களில் அனுமதிக்கப்பட்டது, ஆனால் அதை ஆட்டத்தின் முடிவோடு முடிச்சுப் போட்டால் அது லஞ்சம். எங்கள் கடையில் ஒரு கல்லூரிப் பையன் எதிராளியிடம், ‘நீ விட்டுக்கொடு, பாதி தருகிறேன்’ என்று சாதாரணமாகச் சொன்னான். ஜட்ஜ் இரண்டடி தள்ளி நின்றிருந்தார். கெட்ட எண்ணமே இல்லாத பையன், கையில் பிடித்திருந்த கார்டுகளைக்கூடக் கீழே வைக்கவில்லை, தகுதி நீக்கம் ஆகிவிட்டது. பரிசும் போனது, கட்டிய காசும் போனது. கட்டணம் ஏற ஏற இந்தப் பேரம் பேசும் ஆசையும் ஏறுகிறது, அதனால்தான் சின்னப் பிள்ளைகளுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கிறோம்.

எல்லாப் போட்டியையும் ஒரே கம்பெனி நடத்தினா அவங்க வச்சதுதானே விலை?

அந்த அபாயம் உண்டு. மேஜிக் கிராண்ட் பிரீகளை முன்பு ஊருக்கு ஊர் வேறு வேறு அமைப்பாளர்கள் நடத்தினார்கள். 2018 முதல் உலகம் முழுவதும் ஒரே நிறுவனத்திடம் போனது, 2020-இல் கொரோனா வந்து எல்லாம் நின்றது. பல பேர் நடத்தும்போது ஒருவர் 40 வாங்கினால் இன்னொருவர் 70 வாங்க யோசிப்பார். ஒருவரே நடத்தும்போது ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. ஆனால் ஒரே நிறுவனம் என்றால் விதிமுறை, நேரம், தரம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி இருக்கும், அதையும் சொல்ல வேண்டும்.

கட்டணம் ஏத்தினாலும் இடம் சில நிமிஷத்துல தீர்ந்துடுது. ஆள் வர்றாங்கன்னா விலை சரியாத்தானே இருக்கு?

பெரிய போட்டிக்கு இந்த வாதம் ஓரளவு செல்லும். 2020, 2021-இல் கார்டு மோகம் கிளம்பியபோது டார்கெட் கடைகளே கார்டு விற்பனையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தன, அவ்வளவு தள்ளுமுள்ளு. அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி இன்னும் இருக்கிறது. வெளியூரிலிருந்து வருபவருக்கு ஹோட்டலும் பயணமும்தான் செலவு, கட்டணம் பத்து டாலர் கூடினால் அவர் நிற்கப் போவதில்லை.

ஆனால் யார் வரவில்லை என்பதை வந்தவர்களின் எண்ணிக்கையை வைத்துச் சொல்ல முடியாது. எங்கள் சனிக்கிழமை லீக்குக்கு அண்ணன் தம்பி இரண்டு பேர் பஸ்ஸில் வருவார்கள். ஒரு பழைய சாக்லேட் டப்பாவில் இரண்டு டெக், ரப்பர் பேண்ட் போட்டு. கட்டணம் 5-லிருந்து 10 ஆன மாதம் அண்ணன் மட்டும் வந்தான். தம்பி எங்கே என்றேன், ‘இந்த வாரம் என் முறை’ என்றான். இரண்டு மாதம் மாறி மாறி வந்தார்கள், பிறகு இரண்டு பேரும் வரவில்லை. அன்றைக்கும் மேசை நிறையத்தான் இருந்தது, அவர்கள் இடத்தில் வேறு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கன்வென்ஷன் சென்டரில் 70 வாங்கட்டும், வேண்டாதவர் போகாமல் இருக்கலாம். புதிய பிள்ளை வந்து தோற்றுத் தோற்றுப் பழகும் கடை மேசையில் ஏற்றக் கூடாது, ஏற்றினால் அதற்கு மாற்று வழி வைக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். இப்போது எங்கள் லீக்கில் 12 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை, அந்தச் செலவைப் பெரியவர்கள் பகிர்ந்துகொள்கிறோம்.

சரி, கட்டணம் நியாயமா இல்லையான்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிறது?

மெயில் அனுப்பியோ நேரிலோ கேளுங்கள். கட்டணத்தில் எத்தனை பங்கு பரிசாகத் திரும்புகிறது? ஆள் குறைந்தால் பரிசும் குறையுமா, கூடினால் கூடுமா? பரிசு ரொக்கமா கிரெடிட்டா? எந்தத் தேதி வரை பணம் திரும்பக் கிடைக்கும்? பேட்ஜ் தனியா? நல்ல அமைப்பாளர் இதற்கெல்லாம் ஒரே நாளில் பதில் சொல்லிவிடுவார், கேட்டதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கடைப் போட்டியில் முக்கால் பங்கு திரும்பினால் என் கணக்கில் நியாயம். பாதிக்குக் கீழே என்றால் வேறு எதற்குப் போகிறது என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. பெரிய போட்டியில் மண்டபச் செலவு அதிகம் என்பதால் இந்த அளவுகோல் பொருந்தாது, மேலே மூன்றாவது கேள்வியைப் பாருங்கள்.

நாங்களே தமிழ்ப் பள்ளியில பிள்ளைங்களுக்கு ஒண்ணு நடத்தினா எவ்வளவு வாங்கலாம்?

போன வருடம் 16 பிள்ளைகளை வைத்து நடத்தினோம், ஆளுக்கு 5 டாலர், மொத்தம் 80. போக்கிமான் பாக்கெட் ஒன்று அப்போது 4.49 டாலர், ஆளுக்கு ஒன்று என்று 16 வாங்கினால் 71.84, வரி தனி. மிச்சத்தோடு கொஞ்சம் கைக்காசு போட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கினோம். வகுப்பறை சும்மா கிடைத்தது. பரிசு கிடையாது, தோற்றாலும் ஜெயித்தாலும் போகும்போது எல்லோருக்கும் ஒரு பாக்கெட். நாலு ரவுண்டு, ஒரு ரவுண்டுக்கு ஒரே ஆட்டம், அரை மணி நேரம். இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது.

அதிகாரப்பூர்வப் போட்டி கிடையாது, அதனால் புள்ளிகள் வராது, பெயர்ப் பட்டியலை வெள்ளைத் தாளில் எழுதி ஜோடி போட்டாலே போதும். டெக் இல்லாமல் வரும் பிள்ளைகளுக்காக நாலு டெக் கூடுதலாகக் கட்டி வையுங்கள். எங்களிடம் மூன்றுதான் இருந்தது, கடைசி நிமிடத்தில் என் மகன் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு ஜோடி எழுத உட்கார்ந்தான். இடமும் தேதியும் முடிவானதும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், அந்த நாலு டெக்கையும் கொண்டுவருகிறேன்.